நட்சத்திரத்தை விழுங்கிய ஷெல்

ராத்திரி பதினொன்றரை. வீட்டில் எல்லாரும் தூங்கியாயிற்று. ஃபைல் மட்டும் கிடைக்கவில்லை.

ஃபைலின் பேர் 'கோடைமலர்'. நானே வைத்த பேர். ஒரு காலத்தில் வெயில் ஏறியதும் பத்திரிகைகள் கோடைமலர் போடும். நகைச்சுவைக் கட்டுரை கேட்டு எனக்கும் போன் வரும். வருஷத்துக்கு ஒன்றாக எழுதியதெல்லாம் ஒரு பழைய மேக்கில் இருந்தது. அது கண்ணை மூடுவதற்கு முன், அதன் வயிற்றிலிருந்த அத்தனையையும் மூட்டை கட்டி, லினக்ஸ் போட்ட என் லேப்டாப்பில் இன்று சாயங்காலம்தான் இறக்கினேன். ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொரு ஃபோல்டர், அதன் பேர் 'புதிய ஃபோல்டர்', அதற்குள் 'புதிய ஃபோல்டர் 2'. உங்கள் வீட்டு லட்சணமும் இதுதான் என்று தெரியும்.

எல்எஸ் என்று தட்டினால் முதல் ஃபோல்டரிலேயே ஒரு 'கோடைமலர்' பல்லை இளிக்கிறது. மற்ற வருஷத்து மலர்களும் எங்கேயிருக்கின்றன என்று பார்க்க, கறுப்பு ஜன்னலில் இப்படித் தட்டினேன்:

ஃபைண்ட் . -நேம் கோடைமலர்*

(கமாண்டுகளைத் தமிழ் எழுத்தில் அச்சடிக்கிறோம். அப்படியே தட்டிவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.)

பதில் இல்லை. 'கிடைக்கவில்லை' என்றுகூடச் சொல்லவில்லை. கர்சர் அடுத்த வரிக்குப் போய்க் கண் சிமிட்டியது. வாசலில் நிற்கிற ஆளைக் காட்டி விசாரித்தால், 'அப்படி யாரும் இங்கே குடியில்லையே' என்று பேப்பருக்குள் தலையை விட்டுக்கொள்கிற வாட்ச்மேன் மாதிரி.

அக்கா மகனுக்கு நைட் ஷிஃப்ட். போன் போட்டேன்.

"மாமா, கொட்டேஷன் போட்டீங்களா?"

"நான் என்னடா காண்ட்ராக்டரா, கொட்டேஷன் போட?"

"ஐயோ மாமா, மேற்கோள் குறி! அது இல்லேன்னா ஸ்டாரை ஷெல் தின்னுடும்."

அது ஏன் தின்கிறது, யார் தின்னப் பழக்கியது என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. அதற்கு 1969-க்குப் போக வேண்டும்.

*

மனைவி ஊருக்குப் போனால் நம் ஊர் ஆண்கள் என்ன செய்வார்கள்? முதல் நாள் ஓட்டல், இரண்டாம் நாள் ஓட்டல், மூன்றாம் நாள் 'எப்ப வர்றே?' என்று போன். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து மர்ரே ஹில்லில், பெல் லேப்ஸ் என்ற டெலிபோன் கம்பெனி ஆராய்ச்சிக்கூடத்தில் கென் தாம்ப்சன் என்றொருவர் இருந்தார். அவருடைய மனைவி, கைக்குழந்தையை மாமனார் மாமியாரிடம் காட்டக் கலிஃபோர்னியாவுக்குப் புறப்பட்டார். மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில் இவர் வாரத்துக்கு ஒன்றாக ஒரு எடிட்டர், ஒரு அசெம்ப்ளர், ஒரு கெர்னல் எழுதி முடித்துவிட்டார். யூனிக்ஸ் பிறந்தது அப்படி. இன்று அந்த வம்சத்தில் வந்த என் லினக்ஸும் உங்கள் ஆண்ட்ராய்டு போனும் ஓடுகின்றன என்றால், அதில் ஒரு மருமகள் மாமியார் வீட்டுக்குப் போன புண்ணியமும் இருக்கிறது.

அதற்கு முன்கதை ஒரு கூட்டுக்குடும்பம். எம்ஐடி, ஜெனரல் எலெக்ட்ரிக், பெல் லேப்ஸ் மூன்றும் சேர்ந்து மல்டிக்ஸ் என்ற பிரம்மாண்டமான ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கட்டிக்கொண்டிருந்தன. வருஷக்கணக்கில் கட்டினார்கள். கிரகப்பிரவேசத்துக்கு மட்டும் நாள் குறிக்க முடியவில்லை. 1969-ல் பெல் லேப்ஸ் 'போதுமப்பா' என்று பாகம் பிரித்துக்கொண்டு வெளியேறியது. வரும்போது கையில் எடுத்து வந்தது சில யோசனைகள். அதில் ஒன்று, நாம் தட்டுகிற கமாண்டை வாங்கி ஓடவிடுகிற புரோகிராமுக்கு 'ஷெல்' என்ற சொல். லூயி பூசான் என்ற பிரெஞ்சுக்காரர் வைத்த பேர். தனிக்குடித்தனத்துக்கு, மல்டிக்ஸைக் கிண்டல் செய்து யூனிக்ஸ் என்று பேர் வைத்தார்கள். பங்காளிச் சண்டையில் வைக்கிற பேர் வேறெப்படி இருக்கும்?

தனிக்குடித்தனம் என்றால் சிக்கனம். மூலையில் கிடந்த பிடிபி-7 என்ற மிஷின்தான் வீடு. கமாண்டைத் தட்ட, டெலிடைப் என்கிற தட்டச்சுக் கழுதை. மாடல் 33 என்றால் நொடிக்குப் பத்து எழுத்து, கடகடவென்று சத்தம் வேறு. அப்பேர்ப்பட்ட சாமானில் 'மதிப்புக்குரிய ஐயா, தாங்கள் தேடிய கோப்பு கிடைக்கவில்லை' என்று அடித்து முடிப்பதற்குள் காப்பி ஆறிவிடும். அதனால்தான் காப்பி பண்ணுவதற்கு சிபி, நகர்த்துவதற்கு எம்வி, அழிப்பதற்கு ஆர்எம். தந்தி கொடுக்கிறவன் எழுத்தை எண்ணுகிற மாதிரி எண்ணினார்கள். ஈடி என்ற எடிட்டரோ, நீங்கள் என்ன தப்புச் செய்தாலும் ஒரே ஒரு கேள்விக்குறி அடிக்கும். கிரியேட் என்ற சொல்லின் கடைசி எழுத்தை வெட்டி ஒரு சிஸ்டம் கால் செய்தார் தாம்ப்சன். பிற்காலத்தில், யூனிக்ஸை மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டபோது, அந்த ஒரு எழுத்தைத் திருப்பிச் சேர்ப்பேன் என்றாராம்.

என் ஃபைண்ட் வாயைத் திறக்காததற்கும் வேர் அங்கேதான். சொல்ல ஒன்றுமில்லையென்றால் பேசாமலிரு. வேலை முடிந்தாலும் மௌனம், கிடைக்காவிட்டாலும் மௌனம். டெலிடைப் போய் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகும் மௌனவிரதம் தொடர்கிறது.

*

இப்போது நட்சத்திரம்.

ஆரம்பகால ஷெல் ரொம்பச் சின்னது. நட்சத்திரக் குறி வந்தால் அதைப் பிரித்துப் பார்க்கிற தெம்பு அதற்கு இல்லை. அந்த வேலைக்கு 'குளோப்' என்று தனியாக ஒரு புரோகிராம் இருந்தது. ஷெல் கமாண்டை அதனிடம் தள்ளிவிடும்; குளோப், நீங்கள் நிற்கிற ஃபோல்டரைப் பார்த்து, நட்சத்திரத்துக்குப் பொருந்துகிற பேர்களையெல்லாம் வரிசையாக நிரப்பி, கமாண்டை ஓடவிடும். 1979-ல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் ஸ்டீவ் போர்ன் எழுதிய ஷெல், அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டது. தனி புரோகிராம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை: கமாண்டின் காதுக்கு எட்டுவதற்கு முன்பே நட்சத்திரம் கரைந்துவிடும்.

கல்யாண வீட்டில் ஒரு சித்தப்பா இருப்பார். 'சமையல்காரர்கிட்ட ஸ்வீட் ஏதாவது இருக்கான்னு கேட்டுட்டு வாங்க' என்று அனுப்புகிறீர்கள். போகிற வழியில் தட்டில் ஒரு அதிரசத்தைப் பார்க்கிறார். நேரே போய் 'அதிரசம் இருக்கா?' என்று கேட்கிறார். உள்ளே மைசூர்பாகு மலை மாதிரி இருக்கிறது. ஆனால் கேட்டது அதிரசத்தை. 'ஏதாவது' என்ற சொல்லைச் சித்தப்பா வழியிலேயே தின்றுவிட்டார்.

ஷெல் அந்தச் சித்தப்பா. ஃபைண்ட் . -நேம் *.டெக்ஸ்ட் என்று மேற்கோள் குறி போடாமல் தட்டிப் பாருங்கள். நீங்கள் நிற்கிற ஃபோல்டரில் அப்படி ஒரு ஃபைலும் இல்லையென்றால், பாஷ் ஷெல் நட்சத்திரத்தை அப்படியே ஒப்படைக்கும். எல்லாம் சரியாகக் கிடைக்கும். திங்கட்கிழமை நீங்கள் மேதை. செவ்வாய்க்கிழமை அதே ஃபோல்டரில் 'பால்கணக்கு.டெக்ஸ்ட்' என்று ஒன்றை எழுதி வைக்கிறீர்கள். அதே கமாண்ட். இப்போது ஷெல் நட்சத்திரத்தைத் தின்றுவிட்டுப் பால்கணக்கைக் கொடுக்கிறது. ஃபைண்ட் ஃபோல்டர் மரம் முழுக்க ஏறி இறங்கி பால்கணக்கை மட்டும் தேடி வருகிறது. மற்றதெல்லாம் எங்கே என்று தலையைச் சொறிகிறீர்கள். புதன்கிழமை 'மளிகை.டெக்ஸ்ட்' வந்து சேர்கிறது. -நேம் என்பதற்குப் பக்கத்தில் இப்போது இரண்டு பேர். ஃபைண்ட், 'பாதை முன்னால் வர வேண்டும், நிபந்தனை பின்னால் வர வேண்டும்' என்கிற பொருளில் எதையோ சொல்லி எரிந்து விழுகிறது. நீங்கள் பாதையையே தொடவில்லை! ஒரே கமாண்ட், மூன்று நாள், மூன்று குணம். சமீபத்திய ஃபைண்ட் மட்டும் கொஞ்சம் இரக்கப்பட்டு, 'மேற்கோள் போட மறந்தீரோ?' என்று சேர்த்துக் கேட்கிறது. அதற்கு முன் எத்தனை பேர் தலைமுடியை இழந்தார்களோ.

மருந்து ஒன்றுதான்: '*.டெக்ஸ்ட்' என்று மேற்கோளுக்குள் மூடிக் கொடுப்பது. கவரை ஒட்டிக் கொடுத்தால் சித்தப்பா பிரிக்க மாட்டார்.

போட்டேன். ஃபைண்ட் . -நேம் 'கோடைமலர்*'. கர்சர் கண் சிமிட்டியது.

*

"அப்ப -பிரிண்ட் சேர்த்துப் பாருங்க மாமா," என்றான்.

அதுவும் ஒரு குடும்பக் கதை. முதல் பதிப்பு யூனிக்ஸ் கையேடு 1971 நவம்பர் 3 தேதியிட்டது. அதிலேயே ஃபைண்ட் உண்டு, பரமசாது. பேரைக் கொடுத்தால் டிஸ்க் முழுக்கத் தேடி இருக்கிற இடத்தைச் சொல்லும், அவ்வளவுதான். இன்று நாம் மாரடிக்கிற ஃபைண்ட் வேறு சம்பந்தம். பெல் லேப்ஸிலேயே புரோகிராமர்ஸ் வொர்க்பெஞ்ச் என்று இன்னொரு கோஷ்டி இருந்தது. அங்கே டிக் ஹெய்ட் என்பவர் எழுதி, ஐந்தாம் பதிப்போடு வந்து சேர்ந்த மருமகள் இது. புகுந்த வீட்டில் எல்லாரும் ஹைஃபன் போட்டு ஒற்றை எழுத்து பேசுவார்கள்: -எல், -ஏ, -ஆர். இவள் வந்து -நேம், -டைப், -எக்ஸெக் என்று முழுச் சொல்லாகப் பேசினாள். மற்ற கமாண்டுகளில் ஹைஃபன் சமாசாரம் முன்னால் வரும், ஃபைல் பேர் பின்னால் வரும். இவளுக்கு இடம் முன்னால், ஹைஃபன் பின்னால். மர்ரே ஹில் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் வேலை பிரமாதமாக நடந்தது. எந்த வீட்டில்தான் வேலை செய்கிற மருமகளைத் திருப்பி அனுப்பினார்கள்?

அந்தக் காலத்து ஃபைண்டுக்கு இன்னொரு குணம். -பிரிண்ட் என்று சொன்னால்தான் கிடைத்ததைச் சொல்லும். சொல்லாவிட்டால் டிஸ்க்கை மூலைமுடுக்கெல்லாம் துழாவி, ஃபைலைக் கண்டுபிடித்து, சந்தோஷமாகத் திரும்பி வந்து சும்மா நிற்கும். 'ஏன் சொல்லவில்லை?' 'தேடச் சொன்னீங்க, தேடினேன். சொல்லச் சொன்னீங்களா?' தாலுகா ஆபீஸில் மனு கொடுத்தவர்களுக்கு இந்தத் தர்க்கம் புதிதல்ல. பிறகு பாசிக்ஸ் என்கிற பஞ்சாயத்து கூடி, வேறு வேலை எதுவும் சொல்லாவிட்டால் கிடைத்ததை அச்சிட்டே ஆக வேண்டும் என்று தீர்ப்பெழுதியது. ஆகவே என் ராத்திரிக்கு -பிரிண்ட் குற்றவாளி இல்லை. சேர்த்தும் பார்த்தேன். இல்லை.

"சரி, ஃபைல் பேருக்கு முன்னாடி புள்ளி கிள்ளி இருக்கா?"

புள்ளியில் தொடங்கும் பேர் எல்எஸ் கண்ணுக்குத் தெரியாது. -ஏ போட்டால்தான் தெரியும். நட்சத்திரமும் அதைத் தொடாது. இது ஏதோ ரகசியக் காப்புத் திட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, சோம்பேறித்தனம். ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'நான்' என்பதற்கு ஒற்றைப் புள்ளி, 'என் அப்பா' என்பதற்கு இரட்டைப் புள்ளி என்று இரண்டு பதிவுகள் வந்தன. எல்எஸ் தட்டினால் அவையும் வரிசையில் நின்றன. அவற்றை மறைக்க, பேர் முழுவதையும் ஒப்பிடாமல் 'முதல் எழுத்து புள்ளியா? தள்ளு' என்று ஒரே வரியில் முடித்தார் கென்னோ, அவருடைய கூட்டாளி டென்னிஸ் ரிட்சியோ. அண்டை வீட்டு நாயை விரட்டப் போட்ட வேலியில் ஊரே மாட்டிக்கொண்டது. அன்று முதல், புள்ளி வைத்த எதுவும் மாயம். புரோகிராம்களெல்லாம் தங்கள் மூட்டை முடிச்சுகளை அந்த இருட்டில் கொண்டுவந்து போட ஆரம்பித்தன. முன்னாள் பெல் லேப்ஸ்காரரான ராப் பைக் 2012-ல் இதை எழுதி, குறுக்கு வழியில் போனால் இதுதான் கதி என்று நொந்துகொண்டார். ஃபைண்டுக்கு மட்டும் இந்தத் திரை கிடையாது. புள்ளியோ புடலங்காயோ, எல்லாவற்றையும் பார்க்கும். இந்தக் காலத்து எஃப்டி, ரிப்கிரெப் போன்ற இளசுகள்தான், கேட்காமலேயே புள்ளி ஃபைல்களைத் தாண்டிப் போகின்றன. அங்கே தேடி இல்லையென்றால் அழுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

என் கோடைமலருக்குப் புள்ளி இல்லை. இரண்டாவது குற்றவாளியும் விடுதலை.

*

"கிரெப் போட்டீங்களா மாமா?"

கிரெப் பேரைத் தேடாது, உள்ளிருக்கும் எழுத்தைத் தேடும். ஃபைண்ட் வீட்டு நம்பரை விசாரிக்கிற தபால்காரர். கிரெப் வீட்டுக்குள் நுழைந்து அரிசிப் பானைக்குள் கைவிடுகிற பாட்டி. அதன் பிறப்புக்கு இரண்டு கதை உண்டு, எந்தப் பெரியப்பா சொல்கிறார் என்பதைப் பொறுத்து. பெல் லேப்ஸில் கூட இருந்த கெர்னிஹன் பெரியப்பா சொல்வது: லீ மக்மஹோன் என்பவர், 1787-88-ல் புனைபேரில் வந்த 85 ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் எதை யார் எழுதினார்கள் என்று ஆராய்ந்தார். அது ஈடி எடிட்டரின் வயிற்றுக்குக் கொள்ளவில்லை. ஆகவே தாம்ப்சன், எடிட்டரிலிருந்து தேடும் பாகத்தை மட்டும் உருவி எடுத்துத் தனி புரோகிராம் ஆக்கினார். அந்த எடிட்டரில் 'எல்லா வரியிலும் இதைத் தேடி அச்சிடு' என்பதற்கு ஜி, ஆர்இ, பி என்று தட்ட வேண்டும். அதைச் சேர்த்து வாசித்தால் கிரெப்.

தாம்ப்சனே சொல்வது இன்னும் ருசி. டக் மக்கில்ராய் என்ற மேலாளர் வந்து, ஃபைல்களுக்குள் தேட ஒரு சாமான் இருந்தால் நன்றாயிருக்குமே என்றார். தாம்ப்சன் தாடியைத் தடவி, 'ராத்திரி யோசிக்கிறேன்' என்றார். மறுநாள் காலை கொண்டுவந்து நீட்டினார். மக்கில்ராய் அசந்துபோனார். விஷயம் என்னவென்றால், அது ஏற்கெனவே தாம்ப்சன் தனக்கென்று எழுதிப் பெட்டிக்குள் வைத்திருந்தது. ராத்திரி செய்தது தூசி தட்டியது மட்டும். மேலாளரிடம் எதையும் உடனே கொடுக்கக் கூடாது, ஒரு ராத்திரி ஊறவைத்துக் கொடுக்க வேண்டும் என்ற ரகசியம் சென்னை ஐடி கம்பெனிகளுக்கு வருவதற்கு முன்பே நியூ ஜெர்சியில் இருந்திருக்கிறது.

இங்கே ஒரு பேர்க் குழப்பம். 1983-ல் எம்எஸ்-டாஸ் 2.0 வந்தபோது அதிலும் 'ஃபைண்ட்' என்று ஒரு கமாண்ட் வைத்தார்கள். ஆனால் அது செய்வது கிரெப் வேலை: ஃபைலுக்குள் எழுத்தைத் தேடும். அது இன்றும் விண்டோஸில் உட்கார்ந்திருக்கிறது. விண்டோஸில் யூனிக்ஸ் சாமான்களை நிறுவிக்கொண்டு ஃபைண்ட் என்று கூப்பிட்டால், சில சமயம் பழைய டாஸ் ஆசாமி முதலில் ஓடிவந்து, 'பாராமீட்டர் ஃபார்மட் சரியில்லை' என்பார். நீங்கள் கேட்டதும் சரி, அவர் சொன்னதும் சரி. கூப்பிட்ட சுப்பிரமணி வேறு, வந்த சுப்பிரமணி வேறு.

"லொக்கேட்?"

லொக்கேட் 1980-களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் உட்ஸ் செய்த உபாயத்தின் வாரிசு. ஒவ்வொரு தடவையும் டிஸ்க்கை மேய்வானேன், பேர்ப் பட்டியலை முன்கூட்டியே சுருக்கி வைத்துக்கொண்டால் கண் மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடலாமே என்றார். நியாயம்தான். ஆனால் அது வாக்காளர் பட்டியல் மாதிரி. செத்தவர் இருப்பார், புதிதாகக் குடிவந்தவர் இருக்க மாட்டார். பட்டியலைப் பெரும்பாலும் தினத்துக்கு ஒரு தடவைதான் திருத்துவார்கள். என் மூட்டை இறங்கியதோ இன்று சாயங்காலம். லொக்கேட்டைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆத்திரத்தில், டிஸ்க் முழுக்கத் தேடு என்று சாய்கோட்டைப் போட்டு விரட்டினேன். 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று நூறு வரி கொட்டியது. உண்மையான பதில் அந்த வெள்ளத்தில் வந்து போயிருந்தாலும் தெரியாது. இந்தப் புலம்பலைத் தனியாகப் பிரித்து, பாதாளக் கிணறு மாதிரியான நல் என்ற இடத்துக்குத் தள்ளலாம். 2 என்ற எண்ணைப் போட்டு அம்புக்குறி வைப்பது அதற்குத்தான். அந்த இரண்டாம் வாய்க்காலை வெட்டியது யார் தெரியுமா? ஒரு அச்சு மிஷின். யூனிக்ஸ் கோஷ்டி, 'பேட்டன்ட் விண்ணப்பங்கள் அடிக்க ஒரு சிஸ்டம் செய்து தருகிறோம்' என்று வாக்குக் கொடுத்துத்தான் மேலிடத்திலிருந்து பிடிபி-11 வாங்கியது. அதனால் அச்சுக்கோப்பு அவர்கள் குடும்பத் தொழில். பிற்பாடு ஒளியச்சு மிஷின் வந்தது. தாளை ஒரு நாற்றமெடுத்த மிஷினுக்குள் விட்டுப் பல நிமிஷம் காத்திருந்தால் எழுத்து தெரியும். ஸ்டீவ் ஜான்சன் சொன்ன கதை இது: ஒரு நாள் பிற்பகல் பல பேர் அப்படிக் காத்திருந்து தாளை எடுத்தால், நடுவில் ஒரே ஒரு வரி, முத்து முத்தான அச்செழுத்தில்: இன்ன ஃபைலைத் திறக்க முடியவில்லை. கேட்க வேண்டிய காதுகளுக்குக் கேட்கும்படி புலம்பினார்கள். இரண்டொரு நாளில், புலம்பலுக்கென்று தனி வாய்க்கால் பிறந்தது.

புலம்பலைக் கிணற்றில் தள்ளிவிட்டுத் தேடினேன். நிசப்தம்.

*

"மாமா, -சைஸ் வெச்சுத் தேடுங்களேன். கட்டுரைன்னா ஒரு எம்பிக்குக் குறைவாத்தானே இருக்கும்?"

நம்பி -சைஸ் -1எம் போட்டேன். வந்ததெல்லாம் காலி ஃபைல்கள். ஒரு எழுத்துகூட இல்லாத, சுத்த சூன்யங்கள்.

விசாரித்தால் கணக்குச் சரியாம். ஃபைண்ட் அளவை ஆட்டோக்காரர் மாதிரி மேல்நோக்கி முழுசாக்கும். ஒரு பைட் இருந்தாலும் 'ஒரு எம்பி ஆச்சு சார்'. ஆகவே ஒன்றுக்குக் குறைவு என்றால் சைபர் மட்டும்தான். சரி, இவர் எப்போதும் மேலேதான் ஏற்றுவார் போலிருக்கிறது என்று நாள் கணக்குக்குப் போனால், அங்கே அதே ஆள் கீழ்நோக்கி வெட்டுகிறார். -எம்டைம் +1 என்றால் ஒரு நாளுக்கு மேல் ஆனவை என்றுதானே நினைப்போம்? நாற்பத்தேழு மணி நேரம் ஆனதையும் 'ஒரு நாள்தானே ஆச்சு' என்று பின்னத்தைத் தள்ளிவிடும். முழுசாக இரண்டு நாள் ஆனால்தான் சேர்த்துக்கொள்ளும். வாங்கும்போது ஒரு படி, கொடுக்கும்போது ஒரு படி.

இந்தக் குடும்பத்து ரவுடியையும் சொல்லிவிடுகிறேன்: -டெலீட். ஃபைண்ட் நிபந்தனைகளை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்க்கும். -நேம் '*.டெம்ப்' -டெலீட் என்றால், பேர் பொருந்தினால் அழிக்கும். மாற்றி, -டெலீட் -நேம் '*.டெம்ப்' என்று எழுதினால், முதலில் அழித்துவிட்டு, பிறகு பேர் பொருந்துகிறதா என்று நிதானமாகப் பார்க்கும். தூக்கில் போட்டுவிட்டு வழக்கை விசாரிக்கிற ராஜா. என் நண்பர் ஒருவர் இப்படி ஒரு முழு ஃபோல்டரை அழித்தார். நண்பர் என்று எழுதினால் யாரென்று உங்களுக்கே தெரியும். முதலில் -டெலீட் இல்லாமல் ஓட்டி, வருகிற பட்டியலைக் கண்ணால் பார்த்துவிட்டு, கடைசியில் அதைச் சேர்ப்பதுதான் உசிதம்.

*

மணி ஒன்று. அக்கா மகன் யோசித்துச் சொன்னான்: "எல்எஸ் குடுக்கிற பேரை ஓடில போட்டுப் பாருங்க மாமா."

ஓடி என்பது, ஃபைலுக்குள் இருக்கும் பைட்டுகளை எண்களாகக் கொட்டுகிற கமாண்ட். முதல் பதிப்பிலிருந்தே இருக்கிற கிழவர். ஸ்டீவ் போர்னுக்கே வழிவிடாதவர். போர்ன், ஆல்கால் 68 பைத்தியம். தன் ஷெல்லில் 'இஃப்' திறந்தால் அதைத் திருப்பிப் போட்டு 'ஃபி' என்று மூடுவார், 'கேஸ்' திறந்தால் 'எசாக்' என்று மூடுவார். 'டூ' திறந்தால் நியாயப்படி அதைத் திருப்பி, ஓ, டி என்ற இரண்டெழுத்தால் மூட வேண்டும். அந்தப் பேரில் ஏற்கெனவே கிழவர் குடியிருந்தார், காலி செய்ய முடியாது. வேறு வழியில்லாமல் 'டன்' என்று மூடினார்.

அந்த ஓடி எனக்காக ஓடிவந்தது. நான் தட்டிய 'கோடைமலர்' 24 பைட். டிஸ்க்கில் இருக்கும் 'கோடைமலர்' 27 பைட்.

மூன்று பைட் அதிகம். தமிழில் ஒரு எழுத்துக்குறி அளவு. எந்தக் குறி?

இதற்கும் தாம்ப்சன்தான் வர வேண்டியிருக்கிறது. 1992 செப்டம்பரில், நியூ ஜெர்சியின் ஒரு உணவகத்தில் ராப் பைக்கோடு சாப்பிட உட்கார்ந்தவர், தட்டுக்கு அடியில் விரித்திருந்த காகிதத்தில் யுடிஎஃப்-8 என்ற முறையை வரைந்தார். உலகத்து எழுத்தெல்லாம் யூனிக்ஸ் ஃபைல் பேருக்குள் நுழைய வழி பிறந்தது. பேரில் சாய்கோடும் சூன்ய பைட்டும் மட்டும் கூடாது, மற்றது உங்கள் இஷ்டம் என்பது யூனிக்ஸின் பழைய தாராளம். அந்த வழியில் தமிழும் நுழைந்தது, குறிக்கு மூன்று பைட் வீதம்.

நுழைந்த இடத்தில் நம் 'கோ' ஒரு வேடிக்கை செய்தது. கையால் எழுதும்போது என்ன செய்கிறோம்? இரட்டைக்கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் இந்தக் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாகவும் எழுதலாம். தனித்தனியாக இரண்டு குறியாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்று யூனிகோட் சத்தியம் செய்கிறது. திரையிலும் இம்மி வித்தியாசம் தெரியாது. என் லினக்ஸ் விசைப்பலகை சேர்த்து அடித்தது. பழைய மேக்கின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க்கோ, ஃபைல் பேரை வாங்கியதும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துவைக்கிற பழக்கமுடையது. கொம்பைத் தனியாக, காலைத் தனியாக. ஃபைண்டுக்குத் தமிழும் தெரியாது, யூனிகோடின் சத்தியமும் தெரியாது. பைட்டைப் பைட்டோடு வைத்துப் பார்த்தது. பொருந்தவில்லை. பேசாமல் வந்துவிட்டது.

ஆங்கிலத்தில் 'சம்மர்' என்று பேர் வைத்திருந்தால் பதினொன்றரைக்கே தூங்கியிருப்பேன். 'மலர்' என்று மட்டும் வைத்திருந்தாலும் தப்பித்திருப்பேன். கொம்பும் காலும் சேர்ந்து வருகிற எழுத்தாகப் பார்த்து வைத்திருக்கிறேன். ஃபைலுக்கு நாம் வைத்த தமிழ்ப் பேரே 'கோப்பு'. அதற்கும் இதே கொம்பு, இதே கால்.

கொம்பும் காலும் எப்படியோ போகட்டும், அந்த இடத்தில் எது இருந்தாலும் சரி என்று சொல்ல ஒரு குறி வேண்டும். இருக்கிறது. நட்சத்திரம். இந்தத் தடவை கவரை ஒட்டிக் கொடுத்தேன்:

ஃபைண்ட் . -நேம் 'க*டைமலர்*'

கடகடவென்று விழுந்தன. பதினோரு மலர்கள். 'புதிய ஃபோல்டர் 2'-க்குள் மட்டும் நான்கு.

போன் அடித்தது.

"கெடச்சுதா மாமா?"

"எல்லாம் கெடச்சுதுடா."

"சரி, அப்படியே மூடிட்டுப் போய்ப் படுங்க. -டெலீட் கிலீட்னு எதையும் தொடாதீங்க."

நண்பரின் கதையை இவனிடம் எப்போது சொன்னேன் என்றுதான் தெரியவில்லை.